போனில் மெயில் வைத்துக்கொள்ள மாதாமாதம் காசு கட்ட வேண்டுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் அப்பாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். மெயில் போட்டுத் தர 300 ரூபாய் என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். அதைக் கொடுக்காமல், பழைய போனில் யாரோ திறந்து கொடுத்த அதே ஜிமெயிலை நீங்களே புதுப் போனில் ஏற்றிவிட்டீர்கள். இரண்டே நாளில் "சேமிப்பிடம் நிரம்பிவிட்டது" என்று ஓர் எச்சரிக்கையும், மாதம் 130 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு பொத்தானும் வந்து நிற்கின்றன. "மாசாமாசம் ரீசார்ஜ் பண்றோமே, மெயிலுக்கு எதுக்குத் தனியா காசு?" என்று அப்பா கேட்கிறார். இதற்கு நடுவில் ஆடிட்டர் ஆபீஸில் ஒருவர், கடைப் பெயரிலேயே மெயில் வாங்கிவிடுங்கள் என்று வேறு சொல்லியிருக்கிறார். இந்தப் பணமெல்லாம் எதற்கு, இதில் எது கட்டியே தீர வேண்டியது என்பதுதான் உங்கள் கேள்வி.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் (மெயிலை வாங்கிச் சேமித்து அனுப்பும் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்வதும், அங்கே வேலை செய்பவர்களின் போனில் மெயில் அமைத்துக் கொடுப்பதும் 17 வருடமாக என் தொழில். வெளிநாட்டு பையர் சாம்பிளுக்கு ஓகே சொல்வது, கலரை மாற்றச் சொல்வது, ஷிப்மென்ட் தேதியை முன்னே இழுப்பது எல்லாம் மெயிலில்தான் வரும். அதனால் மெயில் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் நான் சொல்வது கையால் செய்து பார்த்தது. ஐபோனில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. உங்கள் அப்பாவின் போனை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எதை நீங்கள் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

அப்பாவின் கேள்வியில் இருந்து தொடங்குவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, பதிலும் உறுதியானது: ஜிமெயில், அவுட்லுக் மாதிரியான சாதாரண மெயில் கணக்கைப் போனில் வைத்துக்கொள்ள யாருக்கும் தனிக் கட்டணம் கிடையாது. ரீசார்ஜில் வரும் டேட்டாவிலேயே மெயில் வந்து போய்விடும். ஒரு காலத்தில் நிலைமை வேறு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பிளாக்பெர்ரி போன் வைத்திருந்த மேனேஜர்கள் அதில் மெயில் வருவதற்கென்றே மாதம் தனியாகக் கட்டினார்கள். சாதாரண போன்களில் டேட்டா பேக் போடாவிட்டால் 10 கேபிக்கு 10 பைசா என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2 எம்பி அளவுள்ள ஒரு போட்டோவை மெயிலில் திறந்தால் 20 ரூபாய் போய்விடும். போனில் மெயில் என்றாலே செலவு என்கிற எண்ணம் அந்தக் காலத்தில் வந்ததுதான். பிளாக்பெர்ரியின் அந்தப் பழைய சேவை 2022 ஜனவரி 4 அன்று மொத்தமாகவே நிறுத்தப்பட்டுவிட்டது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். வெறும் எழுத்து மட்டும் உள்ள மெயில் 20 கேபி தாண்டுவது அபூர்வம். படம் போட்ட விளம்பர மெயில் 100 கேபி, சிலது அதற்கு மேலும் வரும். நாளைக்கு 50 மெயில், எல்லாமே 100 கேபி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 5 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்கில் அது ஆயிரத்தில் மூன்று பங்குதான். அன்றைய டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிய பிறகும் எழுத்து மெயில் இரண்டு மூன்று விநாடியில் வந்துவிடும். இழுப்பது இணைப்பு (அட்டாச்மென்ட்) உள்ள மெயில்தான். அந்த வேகத்தில் 5 எம்பி பிடிஎஃப் ஒன்று இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அது மட்டுமில்லை, இணைப்புகள் மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. அந்த மாற்றத்தில் மூன்று பங்கு நான்கு பங்காகிவிடும். 6 எம்பி ஃபைல் 8 எம்பியாகப் பயணம் செய்கிறது. 25 எம்பி வரம்பு வைத்திருக்கும் கம்பெனி சர்வருக்கு 20 எம்பி கேட்டலாக்கை அனுப்பியவர், அது திரும்பி வந்துவிட்டது என்று குழம்புவது இதனால்தான்.

டேட்டாவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அப்பா வியாபார விஷயமாக வெளிநாடு போனால், ரோமிங் பேக் போடாமல் டேட்டாவை ஆன் செய்துவிடக் கூடாது. மெயில் தானாகவே பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும், பில் ஏறுவது தெரியாது.

சரி, அப்படியானால் அந்த 130 ரூபாய் எதற்கு? அது இடத்துக்கான வாடகை. கூகுள் ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடத்தைச் சும்மா தருகிறது. அந்த 15 ஜிபியும் ஜிமெயிலுக்கு மட்டும் உரியதல்ல என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். 2013ல் இருந்து ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் அது பொது. கொஞ்சம் தரம் குறைத்து ஏற்றும் போட்டோக்களுக்கு 2021 ஜூன் 1க்கு முன்பு கணக்கே இல்லாமல் இருந்தது. அதன் பிறகு ஏற்றுவதெல்லாம் கணக்கில் சேர்கிறது. 2024ல் இருந்து ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் (கூகுளில் எடுத்து வைக்கும் நகல்) அதே 15 ஜிபியில்தான் உட்காருகிறது. போனில் உள்ள 128 ஜிபி, 256 ஜிபி என்பது வேறு, இது வேறு. "போன்ல எவ்வளவோ இடம் காலியா இருக்கே" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். இது கூகுளின் சர்வரில் உள்ள இடம். போனை மாற்றினாலும் அது கூடவே வரும். புதுப் போனிலும் உங்களுக்கு அதே எச்சரிக்கை வந்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் அப்பாவின் கணக்கில் எது இடத்தை அடைத்திருக்கிறது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் வயதுக்காரர்களின் போன்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: மெயில் ஒரு ஜிபி கூட இருக்காது, வாட்ஸ்அப் வீடியோவும் போட்டோவுமே மீதி அத்தனையையும் விழுங்கியிருக்கும். ஜவுளி வியாபாரி என்றால் தினமும் டிசைன் போட்டோ, புடவையை விரித்துக் காட்டும் வீடியோ வந்துகொண்டே இருக்கும். அது போக உறவினர் குரூப்பில் காலை வணக்கம். அவ்வளவும் ஒரு முறை வாட்ஸ்அப் பேக்கப்பில் போகிறது, போட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கும் பேக்கப் ஆனில் இருந்தால் இன்னொரு முறை அங்கேயும் போகிறது. ஒரே வீடியோவுக்கு இரண்டு இடத்தில் வாடகை.

பார்க்கும் வழி இது. ஜிமெயிலைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொடுங்கள். 15 ஜிபியில் எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கே இருக்கும். அதைத் தொட்டால் போட்டோஸ் எவ்வளவு, ஜிமெயில் எவ்வளவு, டிரைவ் எவ்வளவு, வாட்ஸ்அப் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். வரிகளின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறலாம். வாட்ஸ்அப்தான் பெரியது என்றால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் போய், வீடியோக்களையும் சேர் என்று இருப்பதை அணைத்துவிட்டு ஒரு முறை புதிதாக பேக்கப் எடுங்கள். புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும், பல ஜிபி ஒரேயடியாகக் குறையும். போனில் உள்ள வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் போன் தொலைந்தால் அந்த வீடியோக்கள் திரும்ப வராது. அப்பாவுக்கு அது சம்மதமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போட்டோஸ்தான் பெரியது என்றால் அவசரப்பட வேண்டாம். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் அது சர்வரில் இருந்தும் போகும், போனில் இருந்தும் போகும். இது தெரியாமல், சர்வரில் இருப்பதைத்தானே அழிக்கிறோம் என்று நினைத்து மகள் கல்யாணப் படங்களை அழித்துவிட்டு வந்து நின்றவர் எனக்குத் தெரியும். 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும் என்பதால் அவருக்கு மீட்டுக் கொடுக்க முடிந்தது. அதனால் முக்கியமான படங்களை முதலில் ஒரு கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ நகல் எடுத்துவிட்டு, அப்புறம் அழியுங்கள். வாட்ஸ்அப் ஃபோல்டருக்கு பேக்கப்பை நிறுத்திவிட்டால் மேற்கொண்டு சேராது.

மெயிலே பெரியது என்றால் வேலை சுலபம். தேடும் பெட்டியில் லார்ஜர் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, இடைவெளி விடாமல் ஒரு கோலன், அதை ஒட்டி 10, அதை ஒட்டி எம் என்ற எழுத்து, அதாவது larger:10m. 10 எம்பிக்கு மேல் உள்ள மெயில்கள் மட்டும் வரும். நூறு சின்ன மெயிலை அழிப்பதைவிட இதில் பத்தை அழிப்பது மேல். அழித்தபின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

இதையெல்லாம் செய்யாமல் எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளினால் என்ன ஆகும் என்பது உறுதியாகத் தெரிந்ததே. 15 ஜிபி நிரம்பியதும் மெயில் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. அனுப்புகிறவரின் சர்வர் ஓரிரு நாள் மறுபடி மறுபடி முயன்று பார்க்கும், அப்புறம் அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். பின்னால் இடம் செய்து கொடுத்தாலும் திரும்பிப் போனது தானாக வராது. ஜிஎஸ்டி பதிவில் மெயில் ஐடி கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஓடிபி, நோட்டீஸ் பற்றிய தகவல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அந்த ஐடிக்குத்தான் போகும். எங்கள் பக்கம் ஒரு கம்பெனியில், பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரின் மெயில் பெட்டி நிரம்பி இருந்ததை மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. கழுத்துப் பட்டியின் அகலத்தை மாற்றச் சொல்லி பையர் போட்ட மெயில் திரும்பிப் போய்விட்டது. அதற்குள் 4,000 பீஸ் வெட்டி முடித்துவிட்டார்கள். அந்த மெர்ச்சண்டைசர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. போனில் வந்த எச்சரிக்கை ஏதோ விளம்பரம் மாதிரி இருந்தது, தள்ளிவிட்டிருக்கிறாள்.

பணம் கட்டலாமா என்றால், சுத்தம் செய்த பிறகும் 12, 13 ஜிபிக்குக் கீழே வரவில்லை என்றால் கட்டுங்கள் என்பேன். ஒரு தொழில் நடக்கும் பெட்டிக்கு மாதம் 130 ரூபாய் பெரிய தொகை இல்லை. 100 ஜிபி திட்டம் மாதம் 130, வருடமாகக் கட்டினால் 1,300 என்று நான் பார்த்த விலை. 30 ஜிபிக்கு 59 ரூபாயில் ஒரு சின்னத் திட்டமும் பார்த்தேன். விலைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முதல் சில மாதத்துக்குக் குறைத்தும் காட்டுகிறார்கள். ஆகவே பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் அடுத்த மாதத் தொகையைப் படித்துவிட்டு அழுத்துங்கள். 100 ஜிபியை வீட்டில் இன்னும் ஐந்து பேரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்கொரு திட்டம் வாங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணம் கட்டி இடத்தை 40, 50 ஜிபி வரை நிரப்பிவிட்டு அப்புறம் கட்டுவதை நிறுத்தினால், பழையபடி 15 ஜிபி வரம்புக்கு வந்துவிடுவீர்கள், மெயில் நின்றுவிடும். அப்படி இரண்டு வருடம் வரம்புக்கு மேலேயே விட்டுவைத்தால் உள்ளே இருப்பதை அழிக்கும் உரிமையும் கூகுளுக்கு உண்டு. சில நெட்வொர்க்குகள் ரீசார்ஜோடு சில மாதம் இந்த இடத்தை இலவசமாகத் தருகின்றன. அதை எடுப்பதில் தவறில்லை, ஆனால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு 130 ரூபாயைவிடக் கவலை தருவது, பழைய போனில் யாரோ திறந்து கொடுத்த ஜிமெயில் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். போன் வாங்கும்போது கடையில் இருக்கும் தம்பி அவசரத்துக்கு ஒரு ஜிமெயிலைத் திறந்து கொடுத்துவிடுவார். மீட்பு எண் (பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற ஓடிபி போகும் எண்) என்று கேட்கும் இடத்தில் கையில் இருக்கும் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிடுவார். அப்போதைக்கு எல்லாம் நன்றாகவே நடக்கும். போன் தொலையும் அன்றுதான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தார். புதுப் போன் வாங்கியாயிற்று, அதே நம்பருக்கு சிம்மும் வாங்கியாயிற்று. ஜிமெயில் ஐடி ஞாபகம் இருக்கிறது, பாஸ்வேர்ட் தெரியாது. மீட்பதற்குப் போனால், 47 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று திரை கேட்கிறது. "என் நம்பர் 12ல முடியும், பையன் நம்பர் 86, ஊட்டுக்காரம்மாவுக்கு என் நம்பர்தான்" என்று விரல் விட்டு எண்ணினார். 47 யாருக்கும் இல்லை. போன் விற்ற கடைக்குப் போய்க் கேட்டோம். போட்டுக் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வேறு வழிகளிலும் முயன்றோம், கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. பேங்கிலும் பி.எஃப். ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் ஒவ்வொன்றாக மெயில் ஐடி மாற்றி முடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. பேரன் பிறந்த நாளில் இருந்து எடுத்த படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அவை போனது போனதுதான்.

அதனால் இன்றைக்கே, போன் கையில் இருக்கும்போதே, கூகுள் கணக்கு செட்டிங்ஸில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய் மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். அப்பாவின் எண்ணையும், மீட்பு மெயிலாக உங்கள் ஐடியையும் போடுங்கள். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் இப்போதே புதிதாக வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னோர் உறுதியும் கேட்கும் வசதி) ஆன் செய்தால், அதில் பேக்கப் கோட்ஸ் என்ற இடத்தில் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒரு முறை செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் கவருக்குள் போட்டு வையுங்கள். மீட்பு எண்ணாகப் போட்ட சிம்மை ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் துண்டிக்கப்பட்டு, பின்னால் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் அப்பாவின் ஓடிபி அந்த வேறொருவரின் போனில் அடிக்கும்.

மெயில் அமைக்கும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே பாதி செய்துவிட்டீர்கள். இரண்டாவது ஐடி சேர்க்க, ஜிமெயில் ஆப்பில் அதே வட்டப் படத்தைத் தொட்டு, மற்றொரு கணக்கைச் சேர் என்பதை அழுத்தினால் கூகுள், அவுட்லுக், யாஹூ, மற்றவை என்று கேட்கும். முதல் மூன்றுக்கும் ஐடியும் பாஸ்வேர்டும் போதும். மற்றவை என்பது கம்பெனி மெயிலுக்கு. ஐமேப்பா பாப்பா என்று கேட்டால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். பாப் என்பது மெயிலை சர்வரில் இருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பழைய முறை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாப் போட்டு, சர்வரில் நகல் வைக்காதபடி அமைத்திருந்தால், அங்கே இறங்கிய மெயில் போனில் தெரியாது. ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். போர்ட் எண் கேட்டால் வருவதற்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. எது என்று மெயில் தருகிறவர் சொல்வார். இன்னொன்று, பாஸ்வேர்டை மட்டும் கேட்கும் பழைய மெயில் ஆப்களில் ஜிமெயில் பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாகப் போட்டாலும் தவறு என்றே வரும். 2022 மே 30ல் கூகுள் அந்த வழியை அடைத்துவிட்டது. கூகுளின் சொந்தப் பக்கம் திறந்து பாஸ்வேர்ட் கேட்கும் ஆப்பாக இருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் இரண்டடுக்கை ஆன் செய்து 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுக்க வேண்டும். மெயில் தாமதமாக வருகிறது, திறந்தால்தான் வருகிறது என்றால், பேட்டரி செட்டிங்ஸில் ஜிமெயிலுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அதை நீக்குங்கள். இவ்வளவுதான் வேலை. 300 ரூபாய்க்கு இதைச் செய்து கொடுப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவர் உழைப்பு அது. ஆனால் உங்கள் எதிரே உட்கார்ந்து, உங்கள் எண்ணைப் போட்டு, பாஸ்வேர்டை நீங்களே அடிக்கும்படி செய்து கொடுக்க வேண்டும்.

பணம் போகும் வழி இன்னொன்று இருக்கிறது. பிளே ஸ்டோரில் மெயில் என்று தேடினால் வரிசையாக ஆப்கள் வரும். சிலது மூன்று நாள் இலவசம் என்று உள்ளே விட்டு, அப்புறம் வாராவாரம் பிடிக்கும். ஜிமெயிலுக்கு இந்த ஆப் எதுவும் தேவையே இல்லை. ஏற்கெனவே எதிலாவது அகப்பட்டிருந்தால், ஆப்பை நீக்கினால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. பிளே ஸ்டோரில் வட்டப் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸில் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தையும் பாருங்கள், எந்தெந்த நிறுவனத்துக்குத் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று அங்கே தெரியும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தத் தகவல் எஸ்எம்எஸ்ஸாக வந்து, அப்பா படிக்காமலேயே கீழே போயிருக்கும். பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே பிடிக்கலாம் என்பதால், அந்த எஸ்எம்எஸ்தான் ஒரே எச்சரிக்கை.

கடைப் பெயரில் மெயில் வாங்குவது பற்றி. அதற்கு இரண்டு செலவு: பெயருக்கு வருடா வருடம், பெட்டிக்கு மாதா மாதம். பெயர், அதாவது டொமைன், முதல் வருடம் மலிவாகக் கொடுத்து இரண்டாம் வருடத்தில் இருந்து கூட்டுவார்கள்; புதுப்பிக்கும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டிக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவில் ஐந்து பேர் வரை ஆளுக்கு 5 ஜிபி இலவசத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஐமேப் கிடையாது, அவர்களின் சொந்த ஆப்பிலும் பிரவுசரிலும்தான் பார்க்கலாம். ஐமேப் வேண்டுமென்றால் ஆளுக்கு மாதம் 59 ரூபாயில் இருந்து, வருடமாகக் கட்டும்படி, கட்டணத் திட்டங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஒரு பெட்டிக்கு வருடம் சுமார் 835 ரூபாய் ஆகும். சின்னக் கடைக்கு இது தாராளமாகப் போதும். டொமைன் மட்டும் அப்பாவின் பெயரில், அப்பாவின் மெயில் ஐடியில் பதிவாக வேண்டும். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு, புதுப்பிக்க மறந்து, ஒரு கம்பெனியின் அத்தனை பேருக்கும் நான்கு நாள் மெயில் நின்றுபோய் நான் அலைந்திருக்கிறேன். பெயர் எங்களுடையதாக இல்லாததால் பணம் கையில் இருந்தும் கட்ட முடியவில்லை.

என் அபிப்பிராயம், உங்கள் அப்பாவுக்கு இப்போது அது அவசரமில்லை. வெளியூர், வெளிநாட்டு ஆர்டர்கள் மெயிலில் வரத் தொடங்கினால் வாங்கலாம். ஈரோட்டுச் சந்தை வியாபாரம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது என்றால், இருக்கும் ஜிமெயிலை ஒழுங்காக வைத்திருப்பதே போதும்.

முதலில் மீட்பு எண்ணைப் பாருங்கள், அப்புறம் இடத்தைப் பாருங்கள். அழித்தபின் கணக்கு குறைந்து காட்ட ஒரு நாள் வரை ஆகலாம், பதறிப் போய் அதற்குள் பணம் கட்டிவிட வேண்டாம். போட்டோஸ், ஜிமெயில், டிரைவ், வாட்ஸ்அப் நான்குக்கும் என்ன எண் காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள். மெயில் ஐடியையும் போன் நம்பரையும் எழுத வேண்டாம். அந்த நான்கு எண்களைப் பார்த்தால் 130 ரூபாய் தேவையா, 59 போதுமா, எதுவுமே வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன்.